தவசியப்பன் பெயரில் ஒரு டிக்கெட்

சமையல்காரன் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் விருதுநகர் முழுக்க ஆளுக்கு ஒரு விதமாகக் கதை கட்டி, போன வாரம் டீக்கடையில் ஒருத்தர் என்னிடமே வந்து, அப்பாக்கள் எல்லாரும் விமானத்தில் வந்து இறங்கினார்களாமே என்று கேட்ட பிறகு, இனியும் சும்மா இருந்தால் நான் இருளப்பன் இல்லை. விமானத்தில் யாரும் வரவில்லை. வரிசையில்தான் வந்து நின்றார்கள். நான் கண்ணால் பார்த்தேன், கையால் சோறும் போட்டேன், அதனால் இதைச் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

குணசீலன் நடத்துகிற டூர் கம்பெனியில் நான் சமையல்காரன். வெளிநாடு போகிற நம் ஆட்கள் பாஸ்போர்ட்டை மறந்தாலும் மறப்பார்கள், ரசம் இல்லாமல் மூன்றாவது நாளைத் தாண்ட மாட்டார்கள் என்பது குணசீலனுக்குத் தெரியும். அதனால் எந்தத் தேசம் போனாலும் பஸ்ஸின் அடிவயிற்றில் என் அண்டாவும் அடுப்பும் அரிசி மூட்டையும் இருக்கும், பஸ்ஸுக்குள் கடைசி சீட்டில் நான் இருப்பேன். அவர்கள் கோபுரமும் கோட்டையும் பார்க்கிற நேரத்தில் நான் வண்டி நிறுத்துகிற இடத்தில் தாளித்துக்கொண்டிருப்பேன். ஐரோப்பாவில் ஒன்பது தேசத்துக் கார் பார்க்கிங் எனக்கு அத்துப்படி, அதைத் தாண்டி ஒரு மண்ணும் தெரியாது.

இத்தாலியில் மொந்தசெல்லா என்று ஒரு மலையூர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய மடம், அந்த மடத்தில் துறவிகள் துணி துவைத்த கூடம், அந்தக் கூடத்துச் சுவரில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மகராசன் வரைந்து வைத்த படம். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற ஒரு பெண், அவ்வளவுதான் படம். ஆனால் அதைப் பார்க்கத்தான் உலகமே அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறது. மூச்சுக்காற்று அதிகம் பட்டால் சுவர் உதிர்ந்துவிடுமாம்; அதனால் ஒரு தடவைக்கு இருபத்தைந்து பேர், பதினைந்து நிமிஷம், அதுவும் மூன்று மாசம் முன்னாலேயே கம்ப்யூட்டரில் டிக்கெட் எடுத்தால்தான் உண்டு. நேரில் போய் அழுதாலும் புரண்டாலும் உள்ளே விடமாட்டார்கள்.

இந்தப் படத்தை எங்கள் டூரில் சேர்த்தே ஆகவேண்டும் என்று குணசீலனை நச்சரித்தவர் அமுதவல்லி டீச்சர். முப்பத்துநாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா வைத்திருக்கிறவர். டூரில் வந்த மற்றவர்கள் கடை கண்ணிக்கு அலைந்தபோது அவர் மட்டும் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துத் தருவார், அப்படி உரிக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

டீச்சருடைய அப்பா தவசியப்பன், சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சாபீஸில் மிஷின்மேன். ஒரு வருஷம் ஒரு ஜவுளிக்கடைக்காக, இந்தத் தண்ணீர் சேந்துகிற பெண்ணைத்தான் நாற்பதாயிரம் காலண்டர் அடித்தார். அடித்ததில் சிவப்பு மை ஒரு நூல் அளவு இடம் நழுவிவிட்டது, அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. முதலாளி குதித்தார். தவசியப்பன் அசரவில்லை. "அது நழுவல் இல்ல மொதலாளி, வளையல். அசல்லயே வளையல் இருக்கு" என்று ஒரே போடாகப் போட்டார். அசலை முதலாளியும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. மூன்று ஜில்லாவில் அந்தக் காலண்டருக்கு வளையல்காரி காலண்டர் என்றே பெயராகிவிட்டது, எங்கள் வீட்டில்கூட அது பத்து வருஷம் தொங்கியது. கடைசி மூச்சு வரைக்கும் அந்த மனுஷன் வளையல் வளையல் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"நீங்க அதைப் பாக்கத்தான் வர்றீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதுக்கும்தான். ஆனா எனக்கு வேற ஒண்ணும் இருக்கு அண்ணே" என்றார் டீச்சர், வெங்காயத்தால் வந்த கண்ணீரோ வேறெதுவோ, புறங்கையால் துடைத்துக்கொண்டு.

டீச்சர் சின்ன வயசில் அந்தக் காலண்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் வரையப் பழகினார். ப்ளஸ் டூ முடித்ததும் சென்னையில் ஓவியம் படிக்க விண்ணப்பம் வாங்கி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, ஒரே ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டு அப்பாவிடம் நீட்டினார். தகப்பனார் கையொப்பம் என்கிற இடம் அது. தவசியப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "நாளைக்குப் பாப்போம் தாயி" என்றார். மறுநாளும் அதையே சொன்னார், அதற்கு மறுநாளும் அதையே சொன்னார், இப்படிப் பதினோரு நாள் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லி, 1984 ஜூன் பதினெட்டு, திங்கட்கிழமை, கடைசித் தேதியும் வந்து, சாயங்காலம் ஆகி, போய்விட்டது. அந்தப் பெண் கணக்கு டீச்சர் ஆகிவிட்டது. "அவரும் போய்ச் சேந்துட்டார், நானும் ரிட்டயர்டு ஆயிட்டேன். அந்தப் படத்துக்கு முன்னால ஒரு தடவை நின்னுட்டு வந்துட்டேன்னா எனக்கு அந்தக் கடுப்பு தீந்துரும் அண்ணே" என்றார். எனக்கு அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது, கேஸ் அடுப்பு என்பதுகூட ஞாபகமில்லை.

சரி, டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாசத்துக்கு முன்னால், டிக்கெட் திறக்கிற அன்று, குணசீலன் சாமி கும்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். முதல் கட்டத்தில் பெயர் கேட்டது, போட்டான். இரண்டாவது கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்டது, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நம்மிடம் ஏதய்யா குடும்பப் பெயர்? நமக்கு இருப்பது ஒரு எழுத்து, அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு அப்பா. குணசீலன் முதலில் அந்த எழுத்தை மட்டும் போட்டான், ஏற்கவில்லை. எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைத்தான், ஏற்கவில்லை. புள்ளியை எடுத்துவிட்டு எழுத்தையே மூன்று தடவை அடித்தான், வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி முதலிலிருந்து வரச் சொன்னது. அதற்குள் டிக்கெட் மளமளவென்று கரைய ஆரம்பிக்க, வியர்த்து விறுவிறுத்துப்போய், இருபத்தைந்து பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் திருப்பி வைத்துக்கொண்டு, அங்கே அச்சடித்திருந்த அப்பா பெயர்களை ஒவ்வொன்றாக அந்தக் கட்டத்தில் போட்டுத் தள்ளினான். இருபத்துநாலு பயணிகள், அவனோடு சேர்த்து இருபத்தைந்து. எனக்கு டிக்கெட் கிடையாது, நான்தான் கார் பார்க்கிங்காரன் ஆயிற்றே.

அந்தத் தேசத்தில் மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அதனால் மறுநாளே கம்ப்யூட்டரில் இருபத்தைந்து கடிதம் வந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அப்பாவுக்கு. மதிப்பிற்குரிய சுடலையாண்டி அவர்களே, மதிப்பிற்குரிய தவசியப்பன் அவர்களே, வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குத் தங்களை எதிர்பார்த்துக் காத்திருப்போம், முக்கால் மணி நேரம் முன்னதாக வந்து வரிசையில் நிற்கவும், தயவுசெய்து தாமதிக்க வேண்டாம். எங்கள் பக்கத்து அப்பாக்களை நீங்கள் அறிவீர்கள். ரேஷன் கடையிலும் பேங்க் கவுண்டரிலும் தாலுகா ஆபீஸிலும் ஆயுசு முழுக்க, யோவ் அடுத்தது யாருய்யா என்று கூப்பிடப்பட்டவர்கள். அவர்களை ஒருத்தர் மதிப்பிற்குரிய என்று ஆரம்பித்து, அவர்களே என்று சேர்த்து, காத்திருப்போம் என்றும் எழுதிவிட்டால், எங்கே இருந்தாலும் வராமல் இருப்பார்களா? வந்தார்கள். அவ்வளவுதான் விஷயம், இதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் போய் இறங்கியபோது, ராகு காலத்தில் டிக்கெட் போட்டிருக்கிறானே பாவி என்று குணசீலனை ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவனோ, இந்த ஊர் ராகு காலம் வேற, நம்ம ராகு காலம் வேற என்று சமாளித்துக்கொண்டிருந்தான். மடத்து முற்றத்தை ஒட்டியே வண்டி நிறுத்துகிற இடம். நான் அண்டாவை இறக்கி, மத்தியானத்துக்கு எலுமிச்சைச் சாதம் கிளற ஆரம்பித்தேன். வாசலில் லொரேதா என்று ஒரு அம்மா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார், மூக்குக் கண்ணாடியில் சங்கிலி கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டவர், எங்கள் ஊர் ஹெட்மிஸ்ட்ரஸ் தோற்றுப்போகும் முகம். அவர் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாக வாங்கிப் பார்த்தார். குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடம் எல்லாருக்கும் காலி. அவருடைய பட்டியலிலோ குடும்பப் பெயர் மட்டும்தான். பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், உங்களில் ஒருத்தர்கூட என் பட்டியலில் இல்லையே என்றார்.

"சுடலையாண்டின்னு யாரும் இல்லையா?" என்று குணசீலனைக் கேட்கச் சொன்னார்.

"ஏன் இல்லாம? நான் இங்கதான நிக்கேன்" என்று வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வந்திருந்தார்கள். வேட்டியில் வந்தவர், கைலியில் வந்தவர், கல்யாணத்துக்குப் போகிறாற்போலச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்தவர், செருப்பில்லாமல் வந்தவர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டவர், துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டவர், எல்லாரும் எந்த வயசில் செத்துப்போனார்களோ அந்த வயசில், ஒருத்தர் முதுகை ஒருத்தர் உரசிக்கொண்டு, பின்னால் தள்ளாதீங்கய்யா என்று சொல்லிக்கொண்டு, வரிசையில் நின்றார்கள். பார்த்ததும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இருபத்தாறு பேருக்கு வடித்த சோறு ஐம்பது பேருக்கு எப்படிக் காணும்? உடனே இன்னொரு உலை வைத்தேன்.

எங்கள் ஆட்களும் அதே மாதிரிதான், யாரும் மயங்கி விழவில்லை, மந்திரம் சொல்லவில்லை. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ராஜமாணிக்கத்துக்கு அறுபத்தெட்டு வயசு. அவர் அப்பா சுடலையாண்டிக்கு முப்பத்தாறு, சுருட்டை முடி, மீசையில் ஒரு நரை இல்லை. அவர் மகனைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏண்டா ராசு, முடியெல்லாம் எங்கடா?" என்றார். "பேங்க்லயே விட்டுட்டு வந்துட்டேன்ப்பா" என்றார் ராஜமாணிக்கம், சிரித்துக்கொண்டே. "சரி சரி, நிக்காத, உக்காரு. வயசான காலத்துல கால் வலிக்கும்" என்று அப்பா மகனைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் படியில் உட்கார வைத்தார். புருஷனும் பெஞ்சாதியுமாக வந்த கோவிந்தராஜ் தம்பதிக்கு இரண்டு பக்கத்து அப்பாவும் வந்துவிட்டதால், சம்பந்திகள் இரண்டு பேரும் வணக்கம் சொன்ன கையோடு, கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்கு அப்பளம் வரவில்லை என்ற பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். குணசீலனுடைய அப்பா வந்ததும் வராததுமாக, "வெள்ளிக்கிழமை ராகு காலத்துலயாடா டிக்கெட் போடுவ, அறிவு கெட்டவனே" என்றார். பசிக்கிறது என்று நாலைந்து பேர் என்னிடம் வந்தார்கள், தட்டில் போட்டுக் கொடுத்தேன், ஒருத்தர் பாக்கியில்லாமல் உப்புக் கம்மி என்றார்கள். செத்தும் திருந்தவில்லை பாருங்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது.

லொரேதா அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: பெயர்? அவர்கள் சொன்னார்கள், அவர் பட்டியலில் டிக் அடித்து டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். இரண்டு பேரை மட்டும் நிறுத்தி, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வரச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினார். டிக்கெட் அப்பா பெயரில் இருக்கிறது, அப்பா வந்திருக்கிறார், ஆகவே அப்பாதான் உள்ளே போகலாம், பிள்ளைகள் வெளியே நிற்கவேண்டியதுதான். அதில் எங்கள் ஆட்களுக்கு மனத்தாங்கல் இல்லை. "எங்கப்பா திருச்சியத் தாண்டுனதில்ல. போயிட்டு வரட்டும்" என்றார் ராஜமாணிக்கம். அவர் சொன்னதும் எல்லாரும் அதையே சொன்னார்கள். எங்கப்பா பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பார், போயிட்டு வரட்டும். எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ் சுவரைத் தவிர ஒரு சுவரைப் பார்த்ததில்லை, போயிட்டு வரட்டும். லட்சக்கணக்கில் கட்டி, பதினாலு மணி நேரம் பறந்து, மூட்டு வலி மாத்திரை போட்டு வந்தவர்கள், டிக்கெட்டை அப்பாவுக்கே விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அமுதவல்லி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

தவசியப்பன் வரிசையில் எட்டாவது ஆளாக நின்றார். அறுபத்தொரு வயசு, கைலி, மேலே பனியன், நகக்கண்ணெல்லாம் நீல மை, இத்தனை வருஷம் கழித்தும் போகவில்லை. மகளைப் பார்த்ததும் முகம் பூராவும் மலர்ந்து, "தாயி, நல்லாருக்கியா? கண்ணாடி போட்டுட்டியா?" என்றார்.

"நல்லாருக்கேன்ப்பா" என்றார் டீச்சர். கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் குரல் வகுப்பறைக் குரல். "டிக்கெட்டைக் குடுங்க. நான்தான் போவேன்."

என்ன டீச்சர், அப்பாவுக்கு ஒரு தடவை விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று ராஜமாணிக்கம் மெதுவாகச் சொன்னார். டீச்சர் திரும்பினார். "உங்க அப்பா உங்கள எங்கயாச்சும் தடுத்தாரா சார்? இவரு என்னத் தடுத்தாரு. நான் இவருக்கு ஆயுசு பூரா விட்டுக்கொடுத்தேன். இந்தப் பதினஞ்சு நிமிஷத்த விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றார்.

தவசியப்பன் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நாப்பதாயிரம் தடவை அவளை அடிச்சேன் தாயி. நாலு கலர்ல, ஒண்ணரை லட்சத்துக்கு மேல மிஷின் ஓட்டுனேன். ஒரு தடவைகூட அசலைப் பாத்ததில்ல. வளையல் இருக்கா இல்லையான்னு தெரியாமத்தான் போய்ச் சேந்தேன்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே? எனக்கு யார் பக்கம் பேசுவது என்றே தெரியவில்லை, கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லொரேதா அம்மா என்ன சண்டை என்று குணசீலனைக் கேட்டார், அவன் சொன்னான். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். டிக்கெட்காரர் விரும்பினால் தன் இடத்தை வேறொருவருக்கு விட்டுத்தரலாம், ஆனால் நேரில் நின்று கையெழுத்துப் போடவேண்டும். அதைக் கேட்டதும் இரும்புக்கடை தனுஷ்கோடி துள்ளிக்கொண்டு முன்னால் வந்தார், ஏனென்றால் அவருடைய அப்பா மட்டும் வரவில்லை. வராததற்குக் காரணம், அவர் தொண்ணூற்றுநாலு வயசில் அருப்புக்கோட்டையில் உயிரோடு இருக்கிறார். அந்த நேரத்தில் அவரே போன் பண்ணினார். "யேய், நான் கட்டில்ல படுத்துக் கிடக்கேன், காலு ரெண்டும் எங்கயோ வரிசையில நிக்கிற மாதிரி வலிக்குது. என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றார், போனில் அவர் போட்ட சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. போனில் கையெழுத்துச் செல்லாது என்று லொரேதா அம்மா விரலை ஆட்டிவிட்டார், தனுஷ்கோடியின் டிக்கெட் வீணாகத்தான் போனது.

படிவம் மேஜையில் கிடந்தது. எல்லாக் கட்டத்தையும் டீச்சரே நிரப்பினார், கீழே ஒரே ஒரு இடம் காலி. அதை அப்பாவிடம் நீட்டினார். மணி பதினொன்று ஆகி நாலு நிமிஷம்.

தவசியப்பன் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மடத்துக் கதவைப் பார்த்தார். வாயைத் திறந்தார், "நாளை" என்று ஆரம்பித்தே விட்டார், சத்தியமாகச் சொல்கிறேன், பாதிச் சொல்லில் நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். வரிசையில் நின்ற அத்தனை அப்பாவும் தலையைத் தொங்கப்போட்டார்கள், ஒவ்வொருத்தரும் எதையோ ஒன்றை நாளைக்கு என்று சொல்லி விட்டவர்கள்தானே. பதினொன்று ஐந்து, பதினொன்று ஆறு. சம்பந்திகள்கூட அப்பளத்தை நிறுத்திவிட்டார்கள். பதினொன்று ஒன்பதுக்குத் தவசியப்பன் மூச்சை இழுத்து விட்டு, "பேனா இருக்கா தாயி?" என்றார்.

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவர் மேஜை மேல் குனிந்து, நாக்கை லேசாகத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். போட்டு முடித்துக் கீழே இன்னும் என்னவோ எழுதினார். லொரேதா அம்மா வாங்கிப் பார்த்து, கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்து, டொக்கென்று முத்திரையைக் குத்தினார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். லொரேதா அம்மா உஷ் என்றார், கைதட்டு நிற்கவில்லை.

பதினொன்றேகாலுக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. இருபத்துமூன்று அப்பாக்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு மகள், உள்ளே போனார்கள். வெளியே படிக்கட்டில் அறுபது வயசும் எழுபது வயசுமாக இருபத்துநாலு பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு அப்பா. எல்லாருக்கும் எலுமிச்சைச் சாதமும் பொரித்த அப்பளமும் கொடுத்தேன்.

தவசியப்பன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடவே இல்லை. பரீட்சை மண்டபத்து வாசலில் நிற்கிற தகப்பன் மாதிரி, என்ன நேரம்ப்பா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார், உள்ளே வெளிச்சம் இருக்குமா என்றார், கண்ணாடி எடுத்துக்கிட்டுத்தானே போனா என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "பொம்பளப் பிள்ள, மெட்ராசு, பயமா இருந்துச்சுன்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டேன் தம்பி. அது பொய். அவ அந்தக் காலண்டரப் பாத்து ஒரு படம் போட்டிருந்தா, என் மிஷின் அடிச்சதவிட அவ கை போட்டது நல்லாருந்துச்சு. எனக்குப் பொறாமை. பெத்த பிள்ள மேலயே பொறாமை" என்றார். தண்ணீர் குடிங்க என்றேன்.

பதினொன்று இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. டீச்சர் ஓடி வந்தார். அறுபதை நெருங்குகிற மனுஷி, செருப்பு வழுக்க வழுக்க, கைப்பை பின்னால் பறக்க, சின்னப் பிள்ளை மாதிரி ஓடி வந்தார். இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது, வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டோம் என்று லொரேதா அம்மா பின்னாலேயே கத்தினார். குணசீலன் அதைச் சொல்லச் சொல்ல, டீச்சர் காதில் வாங்கவே இல்லை. பதினைந்து நிமிஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றவர், ஐந்து நிமிஷத்தை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். டிக்கெட்டின் நேரம் முடிந்தால் அந்த டிக்கெட்டுக்கு வந்த அப்பாவும் போய்விடுவார் என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா?

"என்ன தாயி, வளையல் இருக்கா?" என்றார் தவசியப்பன், எழுந்தே நின்றுவிட்டார், தட்டு எங்கே போனது என்று தெரியவில்லை.

"இல்லப்பா. வெறுங்கை" என்றார் டீச்சர், மூச்சு வாங்க.

"நல்லாப் பாத்தியா?"

"கண்ணு வலிக்கப் பாத்தேன். எல்லா அப்பாக்களையும் பாக்கச் சொல்லிக் கேட்டேன், அவங்களும் இல்லன்னுட்டாங்க. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாதான்னு ஒருத்தர் கேக்குறாரு."

"அப்ப தப்பு என்னுதுதான்" என்றார் அவர்.

"ஆமாப்பா. உங்க தப்புதான்" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, அப்பாவின் மை ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா வளையல் இல்லாம அவ கை மொட்டையா இருக்குப்பா. சத்தியமா. நம்ம காலண்டர்தான் நல்லாருந்துச்சு!"

தவசியப்பன் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிக்க டீச்சர் சிரிக்க, ராஜமாணிக்கம் சிரிக்க, குணசீலன் சிரிக்க, என்ன ஏதென்று தெரியாமல் லொரேதா அம்மாவும் சங்கிலி குலுங்கக் குலுங்கச் சிரித்தார், ஐந்நூறு வருஷத்து முற்றத்தில் அப்படியொரு சிரிப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பாவும் மகளும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கிணற்றுக் கயிறு எப்படி முறுக்கியிருக்கிறது, தண்ணீரில் எப்படி வெளிச்சம் விழுகிறது என்று டீச்சர் காற்றில் விரலால் வரைந்து வரைந்து காட்ட, அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "நீ போட்டிருந்தா இன்னும் நல்லாப் போட்டிருப்ப தாயி. அன்னைக்கே நான் கையெழுத்துப் போட்டிருக்கணும்" என்றார்.

பதினொன்றரைக்கு மற்ற அப்பாக்கள் அடுத்த வாசல் வழியாக வெளியே வந்தார்கள். படம் பரவாயில்லை, ஆனால் உள்ளே உட்கார பெஞ்சு போடலாம் என்றார்கள். வரட்டுமாடா என்று ஒருத்தர் தோளை ஒருத்தர் தட்டி, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, முற்றத்து வாசலை நோக்கி நடந்தார்கள், நடந்தார்கள், வாசலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. தவசியப்பன் கடைசியாகப் போனார், போகிறபோது என்னிடம் திரும்பி, உப்புக் கம்மிதான் தம்பி என்றார்.

ஊருக்கு வந்ததும் விஷயம் தீயாய்ப் பரவிவிட்டது. குணசீலன் ஆபீஸ் வாசலில் இன்றைக்கும் கூட்டம் தெருமுனை வரைக்கும் நிற்கிறது. அவர்கள் எந்த ஹோட்டல், எத்தனை நாள், எந்தப் படம் என்று எதுவும் கேட்பதில்லை. குடும்பப் பெயர்க் கட்டத்தில் தப்பில்லாமல் அடிப்பா, எங்கப்பா பேருல ரெண்டு எழுத்து நெடிலு என்கிறார்கள். பொருத்தமான முகூர்த்தமும் பார்த்துக் கொண்டுவருகிறார்கள்.

என் அப்பனுக்கும் யாரும் ஒரு நாளும் மதிப்பிற்குரிய என்று எழுதியதில்லை. அன்றைக்கு அந்த முற்றத்தில் ஐம்பது பேருக்குச் சோறு போட்டேன், அதில் அவருக்கு ஒரு தட்டு இல்லையே என்று எனக்கு இருந்தது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, என் பெயருக்கு ஒரு டிக்கெட் போட்டுத் தரச் சொல்லி டீச்சர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் சாயமும் தூரிகையும் காயாத படங்களும். கிணறு, கயிறு, கை. எல்லாக் கையிலும் சிவப்பு வளையல்.

டீச்சர் கம்ப்யூட்டரைத் திறந்து என் அப்பா பெயரைக் கேட்டார், சொன்னேன், அடித்தார். அவர் அடிக்கிற நேரத்தில் சுவரைப் பார்த்தேன். பழைய வளையல்காரி காலண்டர் ஒரு ஆணியில் தொங்கியது, பக்கத்தில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அந்தப் படிவம், லொரேதா அம்மா கொடுத்த நகல். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கோணல்மாணலாகச் சிவப்பு மையில் தவசியப்பன் என்று கையெழுத்து. அதற்குக் கீழே தேதி.

"டீச்சர், தேதிய மாத்திப் போட்டிருக்காரே" என்றேன்.

டீச்சர் திரும்பாமலே, "அதுதான் அண்ணே சரியான தேதி" என்றார்.

1984 ஜூன் 18 என்று போட்டிருந்தது.